பொம்மைப் படமும் ராம் மோகனும்



நம் வீடுகளில் பிள்ளைகள் பல் விளக்குவதற்கு முன்னாலேயே கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்து விடுகிறார்கள். பூனை துரத்துகிறது, எலி ஓடுகிறது, இட்லி ஆறிப் போகிறது. "இதையெல்லாம் யாரு தாத்தா வரையறாங்க?" என்று ஒரு குழந்தை கேட்டால், "வால்ட் டிஸ்னி" என்று சொல்லிவிட்டு நாம் பேப்பர் படிக்கத் திரும்பி விடுவோம். தப்பில்லை, டிஸ்னி பெரிய மனிதர்தான். ஆனால் நம் நாட்டில் இந்தக் கலைக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு அறிவியல் பட்டதாரி. அவர் பெயர் ராம் மோகன். அவர் முதல் பன்னிரண்டு வருடம் என்ன செய்தார், எப்படிக் கற்றார் என்பதை நம் பிள்ளைகளும், முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தீக்குச்சியும் பட்டாணியும்

ராம் மோகனுக்கு முன்னால் யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய சினிமாவின் தந்தை என்று நாம் படித்த தாதாசாகேப் பால்கே, 1915 வாக்கில் தீக்குச்சிகளை வைத்து ஒரு சின்னப் படம் எடுத்தார். குச்சியைக் கொஞ்சம் நகர்த்துவது, காமிராவில் ஒரு படம் பிடிப்பது, மறுபடி நகர்த்துவது. ஓட்டிப் பார்த்தால் குச்சிகள் தானாக நடக்கும். அதற்கும் முன்னால் ஒரு செடி முளைத்து வளர்வதை இதே முறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் காட்டினவர் அவர்.

பிறகு 1934இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸிலிருந்து குணமய் பானர்ஜி என்பவர் 'பீ பிரதர்ஸ்' என்று பட்டாணிச் சகோதரர்களை வைத்து ஒரு கார்ட்டூன் கொடுத்தார். நம் சென்னையும் சும்மா இருக்கவில்லை. வாசனின் ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து 1947இல் 'சினிமா கதம்பம்' என்ற பொம்மைப் படம் வந்தது.

ஆனால் இவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஏன்? திறமை இல்லாமலா? இல்லை. கணக்கு இடித்தது.

கணக்கைக் கேளுங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. ஒரே சித்திரத்தை இரண்டு முறை பிடித்து மிச்சம் பண்ணினாலும் விநாடிக்கு 12 சித்திரம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720. பத்து நிமிடப் படத்துக்கு 7,200. இது ஒரே ஒரு உருவம் ஆடுவதற்கு. இரண்டு உருவம் என்றால் இரண்டு மடங்கு. அப்புறம் பின்னணிச் சித்திரம், வண்ணம், இசை. இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து எடுத்த பத்து நிமிடப் படத்தை யார் வாங்குவார்கள்? நம் ஜனங்கள் டிக்கட் வாங்குவது மூன்று மணி நேரப் படத்துக்கு. அதில் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், அழுகை வேண்டும். பத்து நிமிட பொம்மைக்குத் தனியாக யாரும் காசு தரமாட்டார்கள்.

டிஸ்னிக்கே முதலில் இந்த அடிதான் விழுந்தது. கான்சஸ் சிட்டியில் அவர் தொடங்கின கார்ட்டூன் கம்பெனி 1923இல் திவாலானது. அதன் பிறகுதான் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அங்கே தியேட்டர்காரர்கள் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டச் சின்னக் கார்ட்டூன்களை வாடகைக்கு வாங்கினார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால் அவர் எழுந்து நிற்க முடிந்தது. நம் நாட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே தனியார் கைவிட்ட வேலையை யாராவது நஷ்டம் பாராமல் எடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. செய்தது அரசாங்கம்.

அரசாங்கச் சம்பளத்தில் ஒரு பள்ளிக்கூடம்

பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன் என்ற அரசு நிறுவனம் 1948இல் ஆரம்பிக்கப்பட்டது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடுமே, கனத்த குரலில் ஒருவர் வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி வருகை என்று சொல்லிக்கொண்டே போவாரே, அந்தச் செய்திப்படம் எடுத்தவர்கள் இவர்கள்தான். தியேட்டர்காரர்கள் அதைக் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். நம்மில் பலர் அந்த நேரத்தில் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் இந்தச் சட்டத்தால்தான், டிக்கட் வசூலைப் பற்றிக் கவலையில்லாமல் பத்து நிமிடப் படம் எடுக்க நாட்டில் ஒரு இடம் இருந்தது.

1956இல் அந்த நிறுவனத்தில் கார்ட்டூன் பிரிவு என்று தனியாக ஒன்று பிறந்தது. அந்த வருடமே உள்ளே போனவர் ராம் மோகன். பிறந்தது 26 ஆகஸ்ட் 1931. அப்படியென்றால் சேரும்போது சுமார் 25 வயது. சயன்ஸ் பட்டம் வாங்கின பையன் எங்கே போவான்? ஆய்வுக்கூடம், வாத்தியார் வேலை, இல்லை ஆபீஸ் குமாஸ்தா. அந்தக் காலத்து வீடுகளில் வேறு வழி யாரும் சொல்ல மாட்டார்கள். இவர் பென்சிலைப் பிடித்தார்.

அங்கே மூத்தவராக ஜி. கே. கோகலே இருந்தார். 1930களிலிருந்தே பொம்மைப் படத்தோடு மல்லாடி வந்த மராட்டியர். அவரோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் ஒருவர் வந்தார். பெயர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி ஸ்டூடியோவில் ஸ்னோ ஒயிட், பாம்பி, பீட்டர் பேன் ஆகிய படங்களில் வேலை செய்தவர். இதில் ஒரு விசேஷம், வீக்ஸ் பிறந்தது இந்தியாவிலேயே. மிஷனரிகளுக்குப் பிறந்த பிள்ளை. பிறந்த மண்ணை விட்டுப் போய், தொழிலைக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து பிறந்த மண்ணுக்கே சொல்லிக் கொடுத்தார். இப்படி ஒரு திரும்புதல் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்ன சொல்லிக் கொடுத்தார்? கேட்டால் எளிமையாக இருக்கும், செய்தால் முதுகு உடையும். முதலில் கதையைக் கட்டம் கட்டமாகப் படமாக வரைந்து சுவரில் குத்தி வைப்பார்கள். பிறகு பெரிய ஓவியர் ஒரு அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். மான் குதிக்கிறது என்றால், கால் ஊன்றுவது ஒன்று, உயரத்தில் இருப்பது ஒன்று, தரையில் இறங்குவது ஒன்று. அவற்றுக்கு நடுவில் வர வேண்டிய சித்திரங்களை எல்லாம் இளையவர்கள் வரைவார்கள். காகிதத்தில் துளை போட்டு, மேஜையில் இருக்கும் முளைகளில் மாட்டி, கீழேயிருந்து விளக்குப் போட்டு, முந்தின சித்திரத்துக்கும் பிந்தின சித்திரத்துக்கும் இடையில் மயிரிழை மாறாமல் வரைய வேண்டும். பிறகு கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் முன்பக்கம் கோடு இழுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழே பார்க்கும் காமிராவில் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரு தாளில் கைரேகை விழுந்தாலும் திரையில் அழுக்காகத் தெரியும்.

தொழில் கற்க வருகிறவன் நடுச் சித்திரம் போடுகிறவர்களின் மேஜையில்தான் தொடங்க வேண்டும். படம் பார்க்கிறவனுக்கு அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் மான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேராது. பொறுமையை இப்படித்தான் அந்தப் பிரிவு கற்றுக் கொடுத்தது, அதுவும் மாதச் சம்பளம் கொடுத்து.

ஆலமர மான்

அந்தப் பிரிவிலிருந்து 1957இல் வந்த படம் 'தி பேனியன் டீர்'. நாம் ஆலமர மான் என்று சொல்லலாம். புத்த ஜாதகக் கதை. வீக்ஸின் மேற்பார்வையில் நம் பையன்கள் கைப்பட வரைந்தது. டிஸ்னி ஆள் வந்து சொல்லிக் கொடுத்தாலும் மானுக்கு டிஸ்னி முகம் வைக்கவில்லை. அஜந்தாக் குகை ஓவியங்களின் சாயலில் வரைந்தார்கள்.

கதை பர்மாவில் பிறந்த நமக்குப் புதிதல்ல. காசி ராஜாவின் வனத்தில் இரண்டு மான் கூட்டம். தினமும் வேட்டையாடி எல்லோரையும் காயப்படுத்த வேண்டாம், முறை போட்டு ஒரு மான் தானாக வந்து வெட்டுப் பலகையில் தலையை வைக்கும் என்று ஏற்பாடு. ஒரு நாள் முறை ஒரு சினை மானுக்கு விழுகிறது. குட்டி போடும்வரை பொறுக்கச் சொல்லி அது தன் கூட்டத் தலைவனிடம் கெஞ்சுகிறது. "முறை என்றால் முறைதான்" என்று அவன் கையை விரிக்கிறான். அடுத்த கூட்டத்தின் தலைவனான ஆலமர மானிடம் போகிறது. அது ஒன்றும் பேசாமல் தானே போய்ப் பலகையில் கழுத்தை வைக்கிறது. ராஜா திகைத்துப் போய் இரண்டு மானுக்கும் உயிர்ப்பிச்சை தருகிறான். "எங்கள் இருவருக்கு மட்டும் போதுமா? மற்ற மான்கள்?" என்று கேட்கிறது. அப்புறம் மற்ற மிருகங்கள், பறவைகள், மீன்கள் என்று எல்லாவற்றுக்கும் அபயம் வாங்கின பிறகுதான் தலையை எடுக்கிறது.

இந்தப் படத்தை நான் ரங்கூனில் சின்னப் பையனாகப் பார்த்தேன். கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மண்டபம். வெள்ளை வேட்டி கட்டித் திரை. முன்னால் நாங்கள், பின்னால் பெரியவர்கள். எங்க அப்பா டல்ஹௌசி தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டியும் வந்திருந்தாங்க. பேச்சு புரியாவிட்டாலும், மான் வந்த உடனே பாட்டி கதையை முன்கூட்டியே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க! பர்மியர்களுக்கு ஐந்நூற்று ஐம்பது ஜாதகக் கதைகள் தாலாட்டு மாதிரி. பகானில் ஆனந்தா கோயில் சுவரில் ஓடுகளில் அதே கதைகள் எண்ணூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. பலகையில் தலை வைக்கிற கட்டத்தில் பாட்டி கை கூப்பினாங்க. அப்பா என் காதில், "இது நம்ம ஊர்ல போட்ட படம்டா" என்றார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது எதை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே வருடம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் தூதரக வாசலில் வரிசை, கப்பலுக்கு வரிசை. மூட்டையைப் பிரித்து எதை எடுத்துப் போகலாம், எதை விட வேண்டும் என்று சொன்ன அந்த மேஜைகளை நம் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஆலமர மான் ஞாபகம் வரும். முறை என்றால் முறைதான் என்று சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நான் வர்றேன் என்று சொல்கிற ஒருவரும் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி கப்பல் ஏறுகிற நாள்வரை எங்களுக்குச் சோறு அனுப்பினவங்க. இதை இந்த மலரில் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

பன்னிரண்டு வருடத் தவம்

ராம் மோகன் 1956 முதல் 1968 வரை பன்னிரண்டு வருடம் அந்தப் பிரிவில் இருந்தார். எல்லாம் ஜாதகக் கதையாகக் கிடைத்துவிடவில்லை. அரசாங்கம் மக்களுக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்வதுதான் வேலை. சுகாதாரம், விவசாயம், சேமிப்பு, குடும்பக் கட்டுப்பாடு. இதில் கலை எங்கே என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். படிப்பறிவில்லாதவன் ஒரே தடவை பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், எந்த மொழியில் குரல் கொடுத்தாலும் சித்திரம் பேச வேண்டும், பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், கொஞ்சம் சிரிக்கவும் வைக்க வேண்டும். இந்த நான்கு கட்டுப்பாட்டுக்குள் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவனுக்கு வீண் கோடு போடத் தெரியாது.

அவர் வெறும் கோடு போடுகிறவராக நிற்கவில்லை. கதை எழுதினார், உருவங்களை அமைத்தார், பிறகு இயக்கினார். அவர் இயக்கின 'ஹோமோ சாப்ஸ்' தேசிய விருது பெற்றது. அந்தப் பிரிவில் இவருக்கு நல்ல சகாக்களும் வாய்த்தார்கள். செக்கோஸ்லோவாகியாவுக்குப் போய்ப் பயின்று வந்த பிரமோத் பதி அவர்களில் ஒருவர். அமெரிக்க வழி ஒருபுறம், கிழக்கு ஐரோப்பிய வழி ஒருபுறம், அஜந்தா ஒருபுறம். எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

1968இல் பென்ஷனோடு கூடிய அரசாங்க வேலையை விட்டு வெளியே வந்தார். பிரசாத் புரொடக்ஷன்ஸ் பம்பாயில் நடத்தின அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1972இல் சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார். சினிமாக்களுக்கு டைட்டில், விளம்பரப் படம், நடுவில் வரும் பொம்மைக் காட்சி என்று கிடைத்ததைச் செய்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தில் வரும் பொம்மைக் காட்சி அவர் கைவண்ணம்.

டல்ஹௌசி தின்ற பழம்

நம் ரங்கூன்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. சத்யஜித் ராய் 1977இல் 'சத்ரஞ்ச் கே கிலாடி' எடுத்தார். அதன் ஆரம்பத்தில் ஒரு கார்ட்டூன் வருகிறது. செய்தது ராம் மோகன். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு உட்கார்ந்து செர்ரிப் பழம் தின்கிறார். ஒவ்வொரு பழமும் ஒரு ராஜ்யம். பஞ்சாப், பர்மா, நாகபுரி, சதாரா, ஜான்ஸி என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் போகிறது. மிச்சம் இருப்பது அயோத்தி நவாபின் ராஜ்யம். அயோத்தியைப் பழுத்து வாயில் விழப்போகும் செர்ரி என்று டல்ஹௌசியே கடிதத்தில் எழுதியிருந்ததை ராய் பிடித்துக்கொண்டார்.

நிறையப் பக்கம் எழுதி விளக்க வேண்டிய சரித்திரம், சில நிமிடச் சிரிப்பில் முடிந்துவிடுகிறது. அந்தப் பழங்களில் ஒன்று நாம். 1852 யுத்தத்தில் ரங்கூனைப் பிடித்து, சதுரம் சதுரமாகத் தெரு போட்டு, நடுத்தெருவுக்கு டல்ஹௌசி பெயரை வைத்தார்கள். அந்தத் தெருக்களில் மூட்டை தூக்கவும் கணக்கு எழுதவும் நம் முன்னோர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பின்னால் அந்தத் தெருவுக்கு மகா பண்டூலா என்று பர்மிய வீரரின் பெயர் வந்தது. சரிதான். நாம் வந்த கதையும் வெளியேற நேர்ந்த கதையும் அந்த ஒரு பழத்துக்குள் இருக்கிறது. இதை எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் யூகோ சாகோவோடு சேர்ந்து 1992இல் முழுநீள ராமாயணப் படத்தை இயக்கினார்கள். அதே காலத்தில் யுனிசெஃப் நிறுவனத்துக்காக மீனா என்ற சிறுமியை உருவாக்கினார். மாம்பழத்தில் தம்பிக்குப் பெரிய துண்டு, எனக்கு ஏன் சின்னத் துண்டு என்று கேட்ட பெண் குழந்தை. எந்த நாட்டுத் தாயும் "நம்ம பொண்ணு" என்று சொல்லும்படி உடையும் முகமும் அமைத்தார்கள். 2014இல் பத்மஸ்ரீ வந்தது. 2019 அக்டோபர் 11ஆம் தேதி காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் கல்வி உதவித் தொகை என்ஜினியரிங், நர்சிங், ஐ.டி.ஐ., ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது. நல்ல காரியம். சென்ற ஆண்டு நம் குடியிருப்புப் பையன் ஒருவன், பி.எஸ்ஸி. முடித்தவன், அனிமேஷன் படிக்க விண்ணப்பம் போட்டான். "படம் வரையறதுக்கெல்லாம் உதவித் தொகையா?" என்று அது ஒதுக்கி வைக்கப்பட்டது. அவன் அப்பா மீன் மார்க்கெட்டில் கூலி. அவன் இப்போது கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வேலை எதுவும் இழிவில்லை. ஆனால் அவன் நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பந்து எறிகிறான், பந்து சுவரில் பட்டுத் திரும்புகிறது, நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் நடுச் சித்திரம் போடக் கற்றிருக்கிறான்.

குழுவில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளுக்கு நிச்சயமான சோறு வேண்டும் என்று நினைப்பது இயற்கை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ராம் மோகனும் சோற்றை விட்டுவிட்டு ஓடவில்லை. மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடம் தொழிலைக் கற்று, அதன் பிறகே வெளியே வந்தார். இது பொழுதுபோக்கல்ல, தச்சு வேலை மாதிரி, நகை வேலை மாதிரி ஒரு தொழில். இன்றைக்குச் செல்லுலாய்டு தாளுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நடுச் சித்திரம் போடுகிற பொறுமை மட்டும் மாறவில்லை.

ஆகவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். உதவித் தொகைப் பட்டியலில் சித்திரம், அனிமேஷன் படிப்புகளையும் சேர்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருவருக்கு என்று ஆரம்பித்தால் போதும். முதல் பெயராக அந்தப் பையனின் பழைய விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். சினிமா பேனர் எழுதினவர்கள், கடைப் பலகை எழுதினவர்கள், கோயில் தேருக்கு வண்ணம் பூசினவர்கள் என்று நம்மிடையே எத்தனை பேர் இருந்தார்கள்! அவர்கள் பேரப் பிள்ளைகளின் கையில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. உறுப்பினர்கள் பொதுக்குழுவுக்குத் தவறாமல் வந்து கை தூக்குங்கள்.

நம் சித்திரை பிறக்கிற அதே நாட்களில் பர்மாவில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா. அங்கே தங்கிவிட்ட நம் உறவுகளுக்கும், நம்மோடு சோறு பகிர்ந்துகொண்ட பர்மிய மக்களுக்கும் இந்த ஆண்டு அமைதியைத் தரட்டும்.